நாலு கிண்ணம் தண்ணீர்

செப்டம்பர் 8, திங்கள்

டாக்டர் நஸ்ரின் ஆய்வகக் குறிப்புக்கென்று ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். நீல அட்டை, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டது. எத்தனை முட்டை, எந்த ஊசி, எத்தனை மணி என்று மட்டும்தான் அதில் எழுத வேண்டுமாம். போன வாரம் ஓரத்தில் "இந்த ஊசி நாசமாய்ப் போக" என்று எழுதிவிட்டேன். "வாணிக்கா, ரிவியூக்கு வர்றவங்க இதைப் படிப்பாங்க" என்று சிரித்தார். ஆகவே இந்த இரண்டாவது நோட்டு. இதில் நான் இஷ்டத்துக்குத் திட்டிக்கொள்ளலாம்.

கோகிலவாணி, வயது நாற்பத்தாறு, தொழில்: குளவி முட்டைக்கு ஊசி போடுதல். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பதினோரு வருடம் குழந்தைப்பேறு மருத்துவமனையில் மனித முட்டைக்கு ஊசி போட்ட கை இது. அங்கே ஒவ்வொரு முட்டைக்காகவும் வெளியே ஒரு குடும்பமே காத்திருக்கும். டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு ஆஸ்திரேலியா போனதும் நான் இங்கே வந்து சேர்ந்தேன். இங்கே யாரும் காத்திருப்பதில்லை, நிம்மதி.

இந்தக் குளவி எறும்பை விடச் சிறியது. தென்னை ஓலையைத் தின்கிற கருந்தலைப் புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடம்பின் மேலேயே முட்டை இடும். குஞ்சுகள் அந்தப் புழுவை உறிஞ்சி வளரும். பொள்ளாச்சித் தோப்புகளில் இதை விடுகிறார்கள், ஆனால் சித்திரை வெயிலில் பாதி செத்துப் போகிறது. வெயில் தாங்குகிற மாதிரி இதன் மரபணுவைத் திருத்த வேண்டும் என்பது நஸ்ரினின் கனவு. முதல் படியாக, கண்ணுக்குக் கறுப்பு நிறம் தரும் மரபணுவை வெட்டிப் பார்க்கிறோம். வெட்டு சரியாக விழுந்தால் கண் ஆரஞ்சு நிறத்தில் வரும்.

ஒன்று போதும். அக்டோபர் 17 ரிவியூவுக்குள் ஒரே ஒரு ஆரஞ்சுக் கண் குளவி. இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு திட்டத்தை மூடிவிடுவார்கள். நஸ்ரின் வேறு ஊருக்கு, நான் வீட்டுக்கு, புழு வளர்க்கிற சென்னியப்பனும் அவர் வீட்டுக்கு.

இன்று 44 முட்டை. ஊசி இரண்டு உடைந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

44இல் பொரிந்தது மூன்று. போய்த் தொலையட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

சென்னியப்பனைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், அவ்வளவு எரிச்சல். எனக்குக் காலை எட்டரைக்குப் புழு வேண்டும். குளவிக்குப் புழுவைக் கொடுத்தால்தான் முட்டை, முட்டை இட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால்தான் பலன். இந்த மனிதர் ஒன்பதேகாலுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து வருகிறார்.

"ஏனுங்க சென்னியப்பன், இதுதான் எட்டரையா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். நல்லாக் கொழுத்ததாப் பாத்துப் பொறுக்குனனுங்க. நோஞ்சானைக் குடுத்தா உங்க குளவி திரும்பிக்கூடப் பாக்காதுங்க."

புழுக்கள் என்னவோ கொழுகொழுவென்றுதான் இருந்தன. கருந்தலைப் புழுவுக்குப் பதிலாக, கம்பு நொய்யும் கடலைத் தூளும் கலந்து வளர்க்கிற அந்துப்பூச்சிப் புழு. அந்துப்பூச்சியின் செதில் மூக்கில் ஏறி அவருக்கு எப்போதும் தும்மல். ஐம்பத்தொரு வயது, மனைவி இறந்து ஆறு வருடம், மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இதெல்லாம் நான் கேட்கவில்லை, தும்மலுக்கு நடுவே அவராகச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் படு கறார். குளவி வைக்கும் ரேக்கின் நாலு கால்களும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிற்கின்றன, எறும்பு ஏறாமல் இருக்க. அவருடைய அறையிலும் அதே மாதிரி ஒரு ரேக், அதற்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார். என் அறை ரேக் என் பொறுப்பு. "எறும்பு ஒரு சாரை வந்துச்சுன்னா போதும்ங்க மேடம், குஞ்சு ஒண்ணு மிஞ்சாது" என்று தினம் ஒருமுறை எனக்குப் பாடம் எடுக்கிறார். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 15, திங்கள்

ஊசி உடைந்தது. ஊசி அடைத்துக்கொண்டது. ஊசி உடைந்தது. நான் மட்டும் உடையவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மதியம் சாப்பிடும்போது சென்னியப்பனுக்கு நம் குளவியின் குடும்ப விஷயத்தை விளக்கினேன். பெண் குளவியை ஆணோடு சேரவிடாமல் தனிக் குழாயில் வைத்தால் அப்போதும் முட்டை இடும். ஆனால் அத்தனையும் ஆணாகவே பிறக்கும். அந்த ஆணுக்கு அப்பா கிடையாது, அம்மாவிடமிருந்து வந்த ஒற்றைப் பங்கு மரபணுதான். அதனால்தான் அந்த முட்டைகளுக்கு ஊசி போடுகிறோம். ஒரு பங்கை வெட்டினாலே கண்ணில் தெரிந்துவிடும்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்பனே இல்லீன்னா, குளவிப் பையனுக்குத் தாத்தன் உண்டுங்ளா?"

"அம்மாவோட அப்பா உண்டு."

"அப்ப தாத்தன் இருக்குது, அப்பன் இல்லை. நெம்ப வினோதமான ஊடுங்க" என்று சொல்லிவிட்டு என் டிபன் டப்பாவில் அவருடைய கொள்ளுப் பருப்பை இரண்டு கரண்டி போட்டார். உப்பு கொஞ்சம் தூக்கல். முழுவதும் சாப்பிட்டேன், வீணாக்கக் கூடாதே.

செப்டம்பர் 20, சனி

அந்த 44இல் பொரிந்த மூன்றில் பிழைத்த இரண்டு குளவிகளும் வெளியே வந்தன. கண் இரண்டும் கன்னங்கரேல். நஸ்ரின் டீயை அப்படியே ஆறவிட்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயசுப் பெண், இதற்காகத்தான் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்தது. பாவமாக இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

சென்னியப்பன் ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறார். விடிந்ததும் புழு கொடுத்தால் குளவிகள் உடனே முட்டை இடுகின்றன. ஒன்பது மணிக்குக் கொடுத்தால் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மதியம்தான் இடுகின்றன. "நான் ஆறு மணிக்கே வந்து போட்டர்றனுங்க. ஆனா ஊசி போட நீங்களும் வரோணுமேங்க."

ஆறு மணிக்கு வர எனக்கென்ன வேண்டுதலா? கேட்டேவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆறு மணிக்குப் போனேன். மருதமலைப் பக்கம் இன்னும் மஞ்சு விலகவில்லை. அவர் பிளாஸ்கில் சுக்குக் காப்பி வைத்திருந்தார். எட்டு மணிக்குள் 70 முட்டை. ஊசி ஒன்றுகூட உடையவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

வியாழன் போட்ட 70இல் ஒன்றும் தேறவில்லை. ஆனால் இன்று என் கை கை இல்லை, மெஷின். 112 முட்டை! இலையில் சேமியாவை அடுக்குவது போல ஒட்டு நாடாவில் ஒவ்வொன்றாய்ப் படுக்க வைத்து, வால் பக்கமாக ஊசி நுனியை விட்டு, துளி இறங்கியதும் முட்டை லேசாகப் புடைத்து அடங்குவதைப் பார்த்துப் பார்த்து முடித்தேன். கடைசி முட்டை முடிந்து நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் சென்னியப்பன் கதவோரம் நிற்கிறார். தும்மினால் என் கை ஆடிவிடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "இப்பத்தானுங்க" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை, நாளை மறுநாள் லீவு, ஆகவே இன்றே ஆய்வகத்தில் ஆயுத பூஜை. காலையில் கழுவித் துடைக்கிற வேலை முழுவதும் என் தலையில். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன், கண்ணாடிக் குழாயை இழுத்து ஊசியாக்குகிற மெஷினைத் துடைத்தேன், ஒட்டடை அடித்தேன். ரேக்கைத் தள்ளித் தரையைக் கழுவினேன். எறும்புக் கிண்ணம் நாலும் பாசி பிடித்துப் பார்க்கச் சகிக்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சன்னலோரம் வரிசையாகக் கவிழ்த்து, ஆளுக்கொரு குங்குமப் பொட்டும் வைத்தேன். என் பொட்டு எப்போதும் வட்டமாக இருக்கும்.

அதற்குள் நஸ்ரின் கத்திக் கூப்பிட்டார். முட்டை பொரிய ஆரம்பித்துவிட்டது! 112இல் 29! இதுவரை இப்படி நடந்ததே இல்லை. ஒவ்வொரு குஞ்சையும் மெல்லிய தூரிகையில் எடுத்து மயங்கிய புழுக்கள் மேல் விட்டு, நாலு டப்பாவில் பிரித்தேன். மூன்றை ரேக்கில் வைத்தேன். ஆறு குஞ்சுகள் இருந்த நாலாவது டப்பாவைப் பூஜை மேசையில் வைக்கச் சொன்னவர் நஸ்ரின்தான். "கருவிக்கெல்லாம் பூஜை பண்றீங்க, உழைக்கிறவங்களுக்குப் பண்ண வேண்டாமா?"

சென்னியப்பன் கற்பூரம் காட்டினார். பொரி, கடலை, வெல்லம். நஸ்ரின் இரண்டு கை பொரி வாங்கிக்கொண்டார். நான் நாலரை பஸ்ஸுக்குத் திருப்பூருக்கு ஓடினேன், அக்கா வீட்டுக்கு. பூட்டுகிற பொறுப்பை சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 1, புதன். திருப்பூர்

நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மங்கை அக்காவிடம் ஊசி, முட்டை, சுக்குக் காப்பி எல்லாம் சொன்னேன். அவள் சுண்டல் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, ஆபீஸ் டிரைவரு, அவரு டிரைவர் அண்ணா. வாட்ச்மேனு, வாட்ச்மேன் அண்ணா. இவரை மட்டும் சென்னியப்பன், சென்னியப்பன்னு பேரைச் சொல்ற?"

"அவர் பேர் அதுதானே" என்றேன்.

உருப்படியாக ஒரு கேள்வி கேட்கத் தெரியாது இவளுக்கு.

அக்டோபர் 3, வெள்ளி

ரேக்கில் மூன்று டப்பாவும் காலி.

நேற்று முன்தினம் காலை தன் புழுக்களுக்குத் தீனி போட வந்த சென்னியப்பன்தான் முதலில் பார்த்தாராம். பொரியும் வெல்லமும் தேடி வந்த எறும்பு ரேக்கின் கால் வழியாக ஏறி, துணி மூடிக்குள் நுழைந்து, இருபத்து மூன்று குஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாலாவது டப்பா மட்டும் மிச்சம். பூட்டுகிற நேரத்தில், பூஜை மேசையில் வெல்லம் சிந்தியிருக்கிறதே என்று அதைத் தன் அறை ரேக்கில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அங்கே தண்ணீர் இருந்தது. ஆறு குஞ்சு பிழைத்தது.

நஸ்ரின் சொன்னார்: "சென்னியப்பன் அண்ணாதான் கிண்ணத்தைக் கழுவிட்டுத் திருப்பி வைக்க மறந்துட்டாராம் வாணிக்கா. அவரே போன் பண்ணிச் சொன்னார். நீங்க கையொடிய ஊசி போட்டதெல்லாம் போச்சு. இந்தத் தடவை நான் சும்மா விடப் போறதில்ல. அவரோட வேலை நீட்டிப்புக் கடிதத்துல எழுதத்தான் போறேன்."

கிண்ணம் நாலும் ரேக்கின் கால்களுக்கு அடியில் இருந்தன, தண்ணீரோடு. நான் வைத்த பொட்டு ஒன்றிலும் இல்லை. சென்னியப்பன் அழுத்தித் துடைத்திருந்தார்.

கழுவியது நான் என்று சொல்லியிருக்கலாம். நஸ்ரினுக்குப் போன் வந்துவிட்டது.

அக்டோபர் 4, சனி

தலைவலி. சென்னியப்பன் டீக்குக் கூப்பிட்டார். போகவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

அவருடைய அறைக்குப் போனேன். புழுத் தட்டைச் சலித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டேன்.

"கிண்ணத்தைக் கழுவுனது நான்னு உங்களுக்குத் தெரியும். எதுக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

நிமிரவே இல்லை. "டாக்டர் மேடத்துக்குத் தெரிஞ்சா உங்களை அனுப்பிருவாங்கங்க. புழுவுக்குத் தீனி போட எவன் வேணாலும் வருவான். ஊசி போட இந்தக் கை எங்கீங்க கிடைக்கும்? வேலை நடக்கோணும்ல."

"அதுக்காக மட்டும்தானா?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. அவர் மூன்று தும்மல் தொடர்ச்சியாகத் தும்மினார். பிறகு, "தண்ணி ஊத்தற நேரமுங்க" என்று குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கிண்ணங்களில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இந்த வேலையை விட்டால் என்ன இருக்கிறது? மகள் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார வேண்டியதுதான். நான் மூன்று நாளாகத் தலைவலி என்று படுத்துக் கிடக்கிறேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எட்டு மணிக்கே நஸ்ரின் அறைக்குப் போய், நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. கழுவியது நான், கவிழ்த்தது நான், மறந்தது நான். சென்னியப்பனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மிச்சமிருக்கிற ஆறும் அவரால்தான் இருக்கிறது. எழுதுவதென்றால் என் கடிதத்தில் எழுதுங்கள்.

நஸ்ரின் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளாச்சு, வாணிக்கா. நான் நாலு நாளா அந்த மனுஷர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையில மிளகா அரைக்கிறீங்களா?"

"அவர் அரைக்கல டாக்டர். நான்தான்."

கோபம்தான். நியாயமான கோபம். ஆனால் மேசை டிராயரைத் திறந்து, தட்டச்சுச் செய்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "உங்க கடிதத்தைப் பத்தி ரிவியூ முடிஞ்சு பேசலாம். இனிப் புதுசா ஊசி போட்டாலும் 17க்குள்ள வளராது. அந்த ஆறுல ஒண்ணும் தேறலேன்னா யாருக்குமே கடிதம் கிடையாது." பிறகு எழுந்து, நேராகச் சென்னியப்பன் அறைக்குப் போனார். மன்னிப்புக் கேட்டாராம். மனிதர் பதறிப்போய்த் தும்மக்கூட மறந்துவிட்டாராம்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியம் கொள்ளுப் பருப்பு ருசித்தது. இன்று உப்பு சரியாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

ஆறில் ஒன்று போய்விட்டது. ஐந்து கூடு கட்டியிருக்கிறது. கூட்டைப் பிரித்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. நஸ்ரின் டப்பாவைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார், என்னிடமிருந்து காப்பாற்ற.

அக்டோபர் 10, வெள்ளி

காலை ஆறு மணி. முதல் குளவி வெளியே வந்தது. கறுப்பு. இரண்டாவது, கறுப்பு. ஏழு மணிக்கு மூன்றாவது. அதுவும் கறுப்பு. நஸ்ரின் நகத்தைக் கடித்துக்கொண்டே உள்ளே போனார், வெளியே வந்தார். நான் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வராந்தாவில் சென்னியப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு. கிளினிக்கில் கணவன்மார்கள் உட்கார்ந்திருப்பார்களே, அதே மாதிரி. இங்கே யாரும் காத்திருப்பதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியது ஞாபகம் வந்தது.

நாலாவது கறுப்பு.

ஐந்தாவது கூடு ஒன்பதரைக்கு அசைந்தது. முதலில் உணர்கொம்பு, பிறகு தலை. லென்ஸைத் திருகினேன். என் கண்தான் கலங்கியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

பழுத்த கமலா ஆரஞ்சின் நிறம். இரண்டு கண்ணும்.

"டாக்டர்!" என்று கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. நஸ்ரின் பார்த்தார், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், உடனே அவருடைய அம்மாவுக்குப் போன் போட ஓடினார். நான் கதவைத் திறந்து சென்னியப்பனைக் கூப்பிட்டேன். வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடேயப்பா" என்றார். "பையன் நெம்ப அழகா இருக்கறானுங்க."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லாச் செஞ்சீங்க, அம்மிணி."

மேடம் இல்லை, அம்மிணி. நான் கவனிக்காதது போலக் குழாயின் மேல் தேதி எழுதினேன். தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆரஞ்சுக் கண்ணனை ஒரு பெண் குளவியோடு குழாயில் விட்டாயிற்று. மகள்களுக்கு மாறிய பங்கு ஒன்று போகும், அவர்களுடைய மகன்களில் பாதிப் பேருக்கு ஆரஞ்சுக் கண் வரும். அதாவது தாத்தனைப் போலப் பேரன். சென்னியப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

ரிவியூ முடிந்தது. வந்த மூன்று பேரும் ஆரஞ்சுக் கண்ணனை வரிசையில் நின்று பார்த்தார்கள். இன்னும் மூன்று வருடத்துக்குத் திட்டம் நீட்டிப்பு. எறும்பு சமாச்சாரத்தை நீல நோட்டில் உள்ளபடியே எழுதி என் கையெழுத்தைப் போட்டிருந்தேன். அவர்களில் பெரியவர் படித்துவிட்டுச் சிரித்தார், அவருடைய ஆய்வகத்தில் ஒரு பொங்கலின்போது இதே கதையாம். நஸ்ரின் எனக்கும் கடிதம் கொடுத்தார். கூடவே ஒரு உத்தரவு: "இனிமே ஆயுத பூஜைக்கு அந்தக் கிண்ணத்தை மட்டும் யாரும் கழுவக் கூடாது. பாசியோடயே பொட்டு வைங்க."

குளிரூட்டிய பெட்டி ஒன்று புதிதாக வருகிறதாம். அதற்குள் எந்த நேரத்திலும் விடியற்காலை மாதிரி வெளிச்சம் வைத்துக்கொள்ளலாம், பத்து மணிக்குப் புழு கொடுத்தாலும் குளவிகள் உடனே முட்டை இடும். அதனால் ஆறு மணிக்கு வரத் தேவையில்லை என்றார். நல்ல செய்திதான். நானும் சென்னியப்பனும் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வராந்தாவில் கேட்டேன், "அப்ப திங்கக்கிழமை ஒன்பதுக்கு வருவீங்களா?"

"பொட்டி வந்தாலும் கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்தோணுமல்லங்க" என்றார். "நான் ஆறுக்கே வந்துருவனுங்க."

"திங்கக்கிழமை தீபாவளி."

"அட, ஆமாங்க."

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். தீபாவளிக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்டாள். காலை பஸ்ஸில் என்றேன். இலை எத்தனை போட என்று கேட்டாள். உனக்கும் மாமாவுக்கும் எனக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னொண்ணு சேர்த்துப் போடு" என்றேன். "கொஞ்சம் தும்முவாரு, பயந்துக்காத."